அக்கா நின்ற தேர்தல்

அக்கா,

இன்று காலை ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். தேங்காய் துருவ உட்கார்ந்தபோது இடது கை விரலில் வைத்த மையின் நெடி மூக்கில் ஏறியது. காடாம்புலியூரில் வீடு கட்டிக்கொண்டு வந்தபிறகு எத்தனையோ தேர்தல் பார்த்தாயிற்று. முன்பு நின்றவர்களின் பிள்ளைகள் இப்போது நிற்கிறார்கள். வாக்குறுதிகளைக்கூட மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை அவர்களுக்கு. வரிசையில் நின்ற கால்வலி மத்தியானத்துக்குள் போய்விடும், மனசின் அலுப்பு போகாது. உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

எங்கள் பிளாக்குக்கு நீங்கள் கீரை விற்க வந்தபோது நான் கோவில்பட்டியிலிருந்து நெய்வேலிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. குவார்ட்டர்ஸ் தோட்டத்துக் குழாயில் எந்நேரமும் தண்ணீர் வரும். கூடை காலியானதும், "யம்மா, ஒரு கொடம் புடிச்சிக்கட்டுமா?" என்று கேட்பீர்கள். நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மந்தாரக்குப்பத்துக்கும் அப்பால் நடப்பீர்கள்.

"உங்க ஊர்ல தண்ணி இல்லையாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊரா? அது சொரங்கத்துக்குள்ள பூடுச்சு. இப்ப இருக்கறது காலனி."

பலாவும் முந்திரியும் நின்ற உங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போய், ஊரையே அந்தப் பொட்டலுக்கு மாற்றியிருந்தார்கள். சுரங்கத்தில் ஊற்று ஏறிவிடாமல் ராவும் பகலும் பூமியிலிருந்து தண்ணீரை இறைத்து வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்த இடம் அது. அந்த வாய்க்காலுக்குக் கொஞ்சம் தள்ளி, உங்கள் காலனியில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. நீங்கள் போய்க் கேட்ட ஒவ்வொரு அலுவலகமும் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. பஞ்சாயத்தைக் கேட்கலாமென்றால், தேர்தலே நடக்காமல் பல வருஷம் ஓடியிருந்தது. தலைவருக்குப் பதிலாக ஒரு ஸ்பெஷல் ஆபீசர். நீங்கள் தேடிப் போகும்போதெல்லாம் அவர் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

ஒருமுறை எங்கள் குழாய் ஒழுகிற்று. சொல்லியனுப்பிய கொஞ்ச நேரத்தில் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனான். நீங்கள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இங்க யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?"

"டவுன்ஷிப்ல பஞ்சாயத்து ஏதுக்கா? ஆபீசருங்கதான் பாத்துச் செய்றாங்க."

வெற்றிலையை மடித்தபடி யோசித்தீர்கள். "உங்களுக்கு எல்லாம் வந்துகினு கீது, ஆனா உங்கள ஒரு வார்த்த கேக்கறது இல்ல. எங்கள வந்து கும்புட்டுக் கேக்கறாங்க, ஒண்ணும் வர்றது இல்ல. ரெண்டும் கோளாறுதான் தங்கச்சி."

அன்றுதான் என்னை முதன்முதலாகத் தங்கச்சி என்றீர்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒருவழியாக உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். நான் உங்களைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரம் நீங்கள் கீரைக்கூடையை இறக்கிய வேகத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. சுரங்கத்துக்கு ஆள் விடும் காண்ட்ராக்டர் ஒருவர், தன்னைப் போட்டியில்லாமல் தலைவராக்கினால் அம்மன் கோயிலுக்கு மண்டபம் கட்டித்தருவதாகச் சொல்லியிருந்தார். ஊர் கூடி, சரி என்று முடித்துவிட்டது.

"இத்தினி வருசம் கழிச்சு ஓட்டு வருது. அதையும் கையில குடுக்காம வாங்கிக்கினு பூட்டா?" என்றீர்கள். "எதுத்து நிக்க ஒரு ஆளு இருந்தாத்தான தேர்தலு நடக்கும்? நான் நிக்கறேன்."

"ஜெயிப்பீங்களாக்கா?"

"எங்க ஜெயிக்கறது! அவரு ஒவ்வொரு வூடா ஏறி எறங்கிக் கேக்கணும். அதுக்குத்தான்."

உங்கள் வீட்டுக்காரர் அந்தக் காண்ட்ராக்டரிடம்தான் வேலையில் இருந்தார். என்றைக்காவது பெர்மனென்ட் ஆகிவிடலாம் என்ற நம்பிக்கையிலேயே கரியும் சேறுமாக வருஷங்களை ஓட்டியவர். நீங்கள் மனுத் தாக்கல் செய்த மறுநாள், இனி வரவேண்டாம் என்று அவரைச் சுரங்கத்து கேட்டிலேயே திருப்பியனுப்பிவிட்டார்கள். அவர் உங்களை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். முந்திரி உடைக்கும் கொட்டகைக்குக் கூலியாகப் போனார். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு வெந்துபோன அவருடைய விரல்களைப் பார்த்தபிறகுதான், வாபஸ் வாங்கிவிடலாமா என்று ஒரே ஒரு முறை என்னிடம் கேட்டீர்கள். நான் வாய் திறப்பதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

எனக்கு அங்கே ஓட்டு இல்லை. ஆனாலும் ஒரு சாயங்காலம் உங்களோடு காலனித் தெருவில் நடந்தேன். "நமக்கு எதுக்கு இந்த வம்பு? கம்பெனிக் குவார்ட்டர்ஸ்ல இருக்கோம்ங்கிறது ஞாபகம் இருக்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். செருப்பை மாட்டியபடியே, ஞாபகம் இருக்கிறது என்றேன். உங்கள் சின்னம் ஏணி. நான்கைந்து பெண்கள் கூட வந்தார்கள். கதவைத் திறந்தவர்களில் பாதிப்பேர் நம் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். ஒரு பெரியவர், "உன்னாலதான் மண்டபம் பூடுச்சு" என்று வாசலிலேயே நிறுத்தினார்.

"போவட்டும்ங்க. அவரு ஓட்டுக் கேக்க வருவாரு இல்ல, அப்ப கொழாயக் கேளுங்க" என்றீர்கள். குரலை உயர்த்தவே இல்லை.

காண்ட்ராக்டர் அப்படியே வந்தார். போட்டி என்று ஆனபிறகு அவரும் வெயிலில் தெருத்தெருவாக நடந்தார். உங்களுக்கு ஓட்டுப் போடத் துணியாத பெண்கள்கூடக் காலிக் குடத்தை வாசலில் வைத்துக்கொண்டு அவரை நிறுத்தினார்கள். ஊர் நடுவில், எல்லார் காதிலும் விழ, தண்ணீர் தருகிறேன் என்று அவர் சொல்லவேண்டி வந்தது. ஓட்டுப் போடும் நாளில் உங்கள் வீட்டுக்காரர் கொட்டகைக்குப் போகவில்லை. வெள்ளை வேட்டி கட்டி வரிசையில் நின்றார். யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை அவர் சொல்லவும் இல்லை, நீங்கள் கேட்கவும் இல்லை.

தோற்றீர்கள். மோசமாகத்தான் தோற்றீர்கள். ஆறேழு மாதம் கழித்துக் காலனிக்குக் குழாய் வந்தது. பக்கத்தில் ஜெயித்த காண்ட்ராக்டரின் பெயர் வெட்டிய கல்லும் வந்தது. முதல் நாள் கூட்டத்தில் உங்களுக்கு யாரும் வழிவிடவில்லை. கடைசியாக நின்று ஒரு குடம் பிடித்துக்கொண்டு போனீர்களாம். நான் கொதித்தேன்.

"பேரு கெடக்குது வுடு. தண்ணி வருதில்ல?" என்றீர்கள். அதன்பிறகு எங்கள் தோட்டத்துக் குழாய்க்கு நீங்கள் வரவேண்டியிருக்கவில்லை. கீரை விற்ற கையோடு கிளம்பிவிடுவீர்கள். தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் நாம் பேசிய பேச்சும் குறைந்துபோனது.

பஞ்சாயத்துக் கூட்டம் என்றால் மட்டும் தவறாமல் போவீர்கள். வாசல் ஓரமாக நின்று, விளக்குக் கம்பம் எங்கே, பள்ளிக்கூடத்துக் கூரை எங்கே என்று கேட்பீர்கள். உள்ளே சிரிப்பார்கள். பாதிக்கு மேல் எதுவும் நடக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை.

உங்களைக் கடைசியாக மந்தாரக்குப்பத்தில் உங்கள் மகள் வீட்டில் பார்த்தேன். உங்களுக்கு மூச்சு வாங்கியது. வேலை, மண்டபம், ஊர்ப்பேச்சு எல்லாவற்றையும் நினைத்து, "வருத்தமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"வருத்தம் இல்ல தங்கச்சி. அலுப்பு. வருத்தம்னா ஆளையே சாச்சிடும். அலுப்புக்குச் செத்த நேரம் உக்காந்துட்டு எழுந்து போலாம்" என்றீர்கள்.

இந்த ஊரில் போன கிராம சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். செயலாளர் எதையோ முணுமுணுவென்று படித்துவிட்டு, எல்லாருக்கும் சம்மதம்தானே என்றார். கைகள் தூக்கியாயிற்று. பாதிப்பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். முட்டி வலி. வெயில் வேறு. நாற்காலியில் சாய்ந்து, நமக்கென்ன என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து நின்று, "எதுக்குச் சம்மதம்னு கொஞ்சம் சத்தமாப் படிங்க" என்றேன்.