பேசத் தேவையில்லாத மேசை

தங்கைக்கு,

நாம் ஆடிவந்த ரம்மியை இப்போது அலைபேசியில் ஆடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கடவுச்சொல் அமைப்பதற்குள் மருமகள் பொறுமையிழந்தாள். "அத்தை, சீட்டை லேசா தொட்டா போதும். அதை மிரட்டாதீங்க" என்றாள். முதல் ஆட்டத்திலேயே முகமறியாத ஒருவரிடம் தோற்றேன், முறைக்கக்கூட வழியில்லை.

நம் இருவருக்கென்று தனி மேசை திறந்திருக்கிறேன். அழைப்பு உன் அலைபேசிக்கு வரும். அம்மாவை நான் முதியோர் இல்லத்தில் சேர்த்த நாளிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்த மேசையில் பேச வேண்டியதில்லை, ஆடினால் போதும்.

வியாழக்கிழமை என் குரல்வளையை எடுத்துவிடுகிறார்கள். கட்டியைப் பற்றி மருத்துவர் நீளமாக விளக்கினார். உன் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

என்னைத் திட்ட வேண்டுமென்றால் புதன்கிழமைக்குள் கூப்பிடு. பதிலுக்குத் திட்ட என்னால் அதுவரைதான் முடியும்.

அக்கா