வேறொருவரின் விலாசம்

செவ்வாய், இரவு

கண் சத்திரசிகிச்சைக்கு அழைக்கவேண்டியவர்களின் பெயரையும் விலாசத்தையும் எக்ஸ்.எம்.எல். கோப்பிலிருந்து பிரித்தெடுக்கும் ஸ்கிரிப்டை இன்று முடித்தேன். கோப்பை அது மேலிருந்து படித்துக்கொண்டே போகும். விலாசம் வந்தால் நான் எழுதிய ஃபங்ஷனைக் கூப்பிடும். அது எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரு ஆளின் விவரம் முடிந்ததும் இன்னொரு ஃபங்ஷன் அதைக் கடிதத்தில் எழுதிவிடும். பிழை எதுவும் காட்டவில்லை. கடிதங்களை அச்சுக்குக் கொடுக்கவிருந்தேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த செல்வி திரையில் தன் அப்பாவின் பெயரைப் பார்த்துச் சிரித்தாள். கலஹா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை.

"அக்கா, எங்கப்பா எப்ப பேராதனை ரோட்டுல வீடு வாங்குனாரு?"

"என்ன சொல்லுறீர்?"

"லயத்து வீட்டுக்கு ஏதுக்கா விலாசம்?"

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குத் தனி விலாசம் கிடையாது; கோப்பிலும் அவள் அப்பாவுக்கு விலாசமே இல்லை. முந்திய ஆளுடையதை நான் அழிக்காமல் விட்டதால் அது அவர்மேல் ஒட்டிக்கொண்டது. தோட்டத்து ஆட்கள் பலருக்கும் இப்படித்தான். செல்வி பார்த்திராவிட்டால் கடிதங்கள் யார் வீட்டுக்கோ போயிருக்கும். அவர்கள் பார்வை மங்கியபடியே காத்திருந்திருப்பார்கள்.

ஒவ்வொரு ஆளும் தொடங்கும்போது பழைய விலாசத்தை அழிக்கும்படி ஒரு வரி சேர்த்து மறுபடி ஓடவிட்டேன். செல்வியின் அப்பா பெயருக்கு எதிரே இப்போது வெறும் இடம்; அவருக்குக் கடிதம் போக வழியில்லை.

"இப்ப சரிக்கா," என்றாள்.

அவள் அதைச் சரி என்று சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை.