‘சும்மா இரு’ என்று எழுதியவளுக்கு

இன்று காலை பாளையங்கோட்டையில், ஒரு கல்லூரி அரங்கின் திரையில் நீ எழுதிய சொல்லைப் பார்த்தேன். பாட்டுப் பதியும் அந்த இலவச மென்பொருளைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. பதிந்த குரல்களில் ஒன்றை மட்டும் கேட்காமல் செய்யும் பொத்தானில் ‘சும்மா இரு’ என்றிருந்தது. அரங்கமே சிரித்தது. வகுப்பெடுத்தவரும் சிரித்தார்.

“ஓசில கிடைக்குதுல்லா, அப்படித்தான் இருக்கும். எவனோ வெளிநாட்டுக்காரன் மெஷின்ல போட்டு மொழிபெயர்த்திருக்கான்.”

நீ போனதிலிருந்து அழுகைதான் வந்துகொண்டிருந்தது. இன்றுதான் கோபம் வந்தது.

அந்த ஸ்டுடியோவை நீ மறந்திருக்க மாட்டாய். நீ மெட்டுப் போட்ட பாட்டை நம் பெண்கள் பாட்டுக் குழு முழுக்கப் போய்ப் பாடினோம். திருப்பிப் போட்டுக் கேட்டால் கீபோர்டு தாளம்தான் இடித்தது. நம் குரல்கள் அதற்கு அடியில் எங்கோ கிடந்தன. “அண்ணாச்சி, தாளத்தக் கொஞ்சம் கொறைங்க” என்றாய். அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பாடியாச்சுல்லா, சும்மா இருங்க. இதெல்லாம் பொம்பளைகளுக்குப் புரியாது.” குரல்களையாவது தனித்தனியாகக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, அதெல்லாம் வெளியே தரும் வழக்கமில்லை என்றார். நம் குரல் நமக்கே கிடைக்கவில்லை.

பஸ்ஸில் வண்ணார்பேட்டை வரும்போது சொன்னாய்: “ஏட்டி, நாமளே பதிவோம்.”

விலையுள்ள மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் போட்டுத் தருகிறேன் என்று என் தம்பி வந்தபோது அவனை விரட்டினாய். “இந்த இலவச மென்பொருள உரிமையோட குடுத்திருக்காங்கலே. பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவளுக்கும் குடுக்கலாம். பெறகு எதுக்கு களவு?” நம் குழுப் பெண்கள் ஆங்கிலப் பொத்தான்களைக் கண்டு மிரண்டார்கள். ஆஸ்பத்திரியில் செவிலி வேலை முடித்து வந்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்க உட்கார்ந்தாய்.

நான் அகராதியைப் பார்த்து ‘ஒலி நிறுத்து’ என்றேன். நீ ஒப்பவில்லை. “அன்னைக்கு அந்தாளு நம்மளச் சொன்னாரு. இன்னைக்கு நாம பொத்தானச் சொல்லுதோம். நம்ம பொம்பளைகளுக்கு ஒருக்கா சொன்னாப் போதும், மறக்காது.” பெரிய சண்டை. நீதான் ஜெயித்தாய். மென்பொருளை உருவாக்குகிறவர்கள் உன் தமிழை அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். ரத்தப் புற்று வந்து, நீ வேலை பார்த்த வார்டிலேயே படுத்தபோதும் மடியில் மடிக்கணினி இருந்தது.

அந்த உழைப்பைத்தான் இன்று ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மெஷின் செய்தது என்கிறார். ஓசி என்கிறார். யார் யாரோ தூக்கம் கெட்டுச் செய்து கொடுத்ததற்கு இந்த ஊரில் பெயர் ஓசி!

எழுந்து மேடைக்கே போனேன். “எந்த மெஷின் சார் ‘சும்மா இரு’ன்னு எழுதும்?” என்று கேட்டுவிட்டு, மென்பொருளை ஆக்கியவர்களின் பெயர்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். தமிழ் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். “சத்தமா வாசிங்க” என்றேன். வாசித்தார். “இவங்க யாரும்மா?” என்றார், குரல் இறங்கி.

“நம்ம உவரிக்காரி. இங்கனதான் நர்ஸா இருந்தா. இப்ப இல்ல.”

யாரும் சிரிக்கவில்லை. மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்து, “அக்கா, மிச்சத்த நீங்களே சொல்லிக் குடுங்க” என்றாள். வகுப்பெடுத்தவர் மைக்கை என்னிடம் நீட்டினார். மாலைவரை சொல்லிக்கொடுத்தேன். கோபம் மட்டும் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.

மென்பொருளின் புதிய பதிப்பில் தமிழாகாத வரிகள் நிறைய வந்திருக்கின்றன. வீட்டுக்கு வந்ததும் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நான் ஒன்று சொல்கிறேன்; நீ என்ன சொல்லி மறுப்பாய் என்பதையும் நானே சொல்லிச் சண்டை பிடிக்கிறேன். பெரும்பாலும் நீதான் ஜெயிக்கிறாய்.