பக்கத்துக் கட்டில் சொல்லும் எடை

மார்ச் 3, திங்கள்
நூற்றுப் பன்னிரண்டு கிலோ. போன வாரமும் அதே. எடை இயந்திரத்தைக் குளியலறையிலிருந்து கூடத்துக்கு இழுத்து வந்து ஏறிப் பார்த்தேன். அதே. இயந்திரம் சரியில்லை என்று இவரை ஏறச் சொன்னேன். இவருக்குச் சரியாகத்தான் காட்டுகிறது.

“முகம் நல்லா இளைச்சிருக்கும்மா” என்கிறார். என் முகத்தைப் பார்க்காமலே.

இரைப்பையைச் சுருக்கியது நவம்பரில். முதல் இரண்டு மாதம் மளமளவென்று இறங்கியது. பிறகு நின்றது நின்றபடியே. நிஜமாகவே முழுசாகச் சுருக்கினார்களா? உள்ளே யார் போய்ப் பார்த்தது?

மார்ச் 5, புதன்
உணவு ஆலோசகரிடம் போனேன். எல்லாருக்கும் இப்படி ஒரு தேக்கம் வருமாம், தானாக இறங்குமாம். கடைசியில் சிரித்துக்கொண்டே, “மறைச்சு மறைச்சு ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்றாள்.

நான் என்ன திருடியா? ஒரு கிண்ணம் கஞ்சியை அரை மணி நேரமா முழுங்குறேன். இவகிட்ட வேற சத்தியம் பண்ணணுமா?

மார்ச் 9, ஞாயிறு
பக்கத்துக் கட்டில் போன் செய்தாள். இருவருக்கும் ஒரே நாளில் அறுவை, அடுத்தடுத்த கட்டில். அங்கேயே வைத்த பெயர். காலையில் பூங்காவில் சேர்ந்து நடக்கிறோம். ஞாயிறு எடை சொல்லிக்கொள்வது வழக்கம்.

“எனக்கும் அசையலடி. கல்லு மாதிரி நிக்குது.”

நிம்மதியாக இருந்தது. இதற்கு நிம்மதிப்படலாமா?

மார்ச் 12, புதன்
அவளுடைய மோதிரம் நடுவிரலுக்கு இடம் மாறியிருக்கிறது. ஏன்?

மார்ச் 15, சனி
என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தாள். “கண்ணாடி மூக்குல நிக்கவே மாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்.” ஜனவரியில் நானே அளவெடுத்து மாட்டிவிட்ட கண்ணாடி. காம்பைச் சூடாக்கி உள்பக்கம் வளைத்தேன். நிறையவே வளைக்க வேண்டியிருந்தது.

இத்தனை வருடமாக முகங்களுக்குக் கண்ணாடி மாட்டுகிறேன். எடை நிற்கும்போது முகம் மட்டும் ஒடுங்காது. அவள் இறங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் கல்லு, கல்லு என்கிறாள்.

கண் பட்டுவிடும் என்று மறைக்கிறாளா? இல்லை, வீட்டில் அவள் புருஷனிடம் என்னைச் சொல்லிச் சிரிக்கிறாளா?

மார்ச் 16, ஞாயிறு
“எனக்கும் அசையலடி.” அதே குரல், அதே பெருமூச்சு. நடிகை.

ஏன் பொய் சொல்கிறாள் என்று இவரிடம் கேட்டேன். “அவகிட்டயே கேளேன்” என்று டக்கென்று சொன்னார். இவருக்கும் தெரியுமோ?

மார்ச் 19, புதன்
கால் வலி என்று சொல்லி மூன்று நாளாக நடக்கப் போகவில்லை. கோபத்தில் கிரீம் பிஸ்கட் நாலு தின்றேன். சுருக்கிய வயிற்றுக்கு இனிப்பு ஆகாது என்று தெரிந்தே. வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வாந்தி. யாருக்குத் தண்டனை?

மார்ச் 22, சனி
வந்தாள். கடையில் வேறு யாருமில்லை.

“கால் எப்படி இருக்கு?”

“கால் கெடக்கட்டும். எவ்வளவு கொறைஞ்சிருக்க?”

“எங்கடி...”

“உன் கண்ணாடிய நான்தான் வளைச்சேன். என்கிட்ட கதை விடாத.”

உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “ஒம்பது கிலோ.”

“பாவம்னு நெனச்சியா என்னை?”

“உன்ன எவ பாவம்னு நெனச்சா? சொன்னா நீ நடக்க வர்றத நிறுத்திருவ. உன்ன எனக்குத் தெரியாதா? தனியா அந்தப் பார்க் கேட்டுக்குள்ள கால் வைக்க என்னால முடியாதுடி. ரெண்டு பேரா போனா ஏதோ பேசிட்டுப் போறாங்கன்னு விட்டுடுறாங்க. தனியா போனா அத்தன கண்ணும் என் மேலதான். நான் பொய் சொன்னது எனக்காக.”

நான் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் போய்விட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு
போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்யா அது? அவள் சொன்ன காரணம் அழகாக இருந்ததே, அதனால்தான் சந்தேகம்.

மார்ச் 25, செவ்வாய்
பார்த்துவிடலாம் என்று காலையில் சொல்லாமல் பூங்காவுக்குப் போனேன். எதிர்ச் சாரியில், பூட்டிய மருந்துக்கடை நிழலில் நின்றேன்.

அவள் பூங்கா கேட்டுக்கு வெளியே நின்றாள். நடைக் காலணி, தண்ணீர் பாட்டில், எல்லாம் உண்டு. போனைப் பார்ப்பது போல் நின்றாள். ஓடுகிறவர்கள் இரண்டு பேர் அவளைத் தாண்டி உள்ளே போனார்கள். அவள் கேட் வரை போய்த் திரும்பினாள். மறுபடி போய்த் திரும்பினாள். பிறகு பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

நான் தெருவைத் தாண்டினேன்.

“வேவு பாக்க வந்தியா?”

“ஆமா.”

“பாத்தாச்சா?”

“பாத்தாச்சு. எந்திரி.”

இரண்டு சுற்று நடந்தோம்.

ஏப்ரல் 6, ஞாயிறு
எழுநூறு கிராம் இறங்கியிருக்கிறது! இயந்திரத்தை நகர்த்தி இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன். இவர் சிரித்தார். சந்தேகமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு
எனக்கு மறுபடி நின்றுவிட்டது. அவள் போன் செய்தாள். சொல்லலாமா என்று கொஞ்சம் இழுத்தாள். சொல்லு என்றேன்.

“இந்த வாரம் ஒண்ணரை கிலோ.”

என் வயிற்றைச் சுருக்கியவர்கள் வயிற்றெரிச்சலைச் சுருக்காமல் விட்டுவிட்டார்கள்.

“எரியுதுடி எனக்கு” என்றேன்.

“எரியட்டும். நாளைக்கு ஆறு மணிக்கு வந்துரு.”

அலாரம் வைத்துவிட்டேன்.