அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்

என்னங்க,

சோறு குக்கர்ல இருக்கு, வெஞ்சனம் அவரைக்காய்.

பிளக்-இன் போட்டிக்கு இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிதான் கடைசி. வைரஸ்னு சொல்லி நீங்க கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணக் குடுத்ததுல, தமிழ் எழுத்துப்பிழையைக் கண்டுபிடிக்க நாலு மாசமா நான் எழுதுன புரோகிராம் அம்புட்டும் போச்சு. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"ன்னேன். "பொழுதுபோக்குக்குத்தான எழுதுன"ன்னு சொல்லிட்டீங்க.

என் மெயில்ல ஆரம்பத்துல எழுதுன பிரதி ஒண்ணு கெடக்கு. அது சரியான வார்த்தையையும் தப்புன்னுதான் காட்டும். ஜெயிக்காதுன்னு தெரியும். நாகல் நகர் பிரவுசிங் சென்டருக்குப் போயி அதையாவது அனுப்பிட்டு வாரேன்.

பிரஷர் மாத்திரை டிவி மேல இருக்கு, மறந்துராதீங்க.

ரீனா

இப்பத்தான் சென்டருக்கு போன் பண்ணேன். அங்க ஆறு மணி வரைக்கும் கரண்ட் வராதாம். இருந்தாலும் போறேன். வீட்ல உக்காந்திருக்க முடியல.