பேர் வெட்டிய தட்டு

சேசு மரி சூசை

ஓசூர்
9.2.2025

ஜெயசெல்விக்கு,

சிங்கராயர் எழுதுவது. போனில் பேசினால் கத்துவாய், பிறகு அப்படிச் சொல்லவே இல்லை என்பாய். கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற ஆள் நான். எனக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும்.

என் கழுத்துக் கட்டி கேன்சர்தான். ஹாட்ஜ்கின் என்று பெயர். கட்டிக்குள் எப்ஸ்டீன் பார் என்ற வைரஸ் இருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறது. நெட்டில் பார்த்தேன், எச்சில் வழியாகப் பரவுமாம். ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆனால், எந்த சப்ளையர் அனுப்பியது என்று தேடிப் பிடிப்பது என் தொழில். இந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவள் நீ ஒருத்திதான். அதனால்தான் உன் சீர்த்தட்டையும் டம்ளரையும் பையில் போட்டு உன்னை உன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன்.

ரத்தம் பரிசோதித்து ரிசல்ட்டை அனுப்பு. கோளாறுக்குக் காரணம் தெரியாமல் உற்பத்தி லைனை மறுபடி ஓட்டக்கூடாது என்பது எங்கள் விதி. அதுவரை நான் கீமோ ஊசி போட்டுக்கொள்ளப் போவதில்லை.

இப்படிக்கு,
சிங்கராயர்

பாகலூர்
16.2.2025

ஃபெபா அப்பாவுக்கு,

ஜெயசெல்வி எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்பது முறை. ஊசி வேண்டாமென்று உட்கார்ந்திருக்கிற ஆளிடம் அதையும் கேட்டுத் தொலைக்கிறேன்.

ரத்தம் கொடுத்தேன். அந்த வைரஸ் எனக்கும் இருக்கிறது. துள்ளிக் குதிக்க வேண்டாம். உங்கள் டாக்டரம்மாவையே போய்ப் பார்த்தேன். பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இருக்குமாம். பாதிப்பேருக்குச் சின்ன வயதிலேயே யாரோ ஒருத்தர் எச்சிலில் உள்ளே போய், ரத்தத்து வெள்ளை அணுக்களில் ஒளிந்து, சாகும்வரை சும்மா கிடக்குமாம். எங்கோ ஒருத்தருக்கு அந்த அணு கெட்டுப்போய்ப் பெருகுகிறது. ஏன் அவருக்கு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். பல் முளைக்காத உங்களுக்கு முறுக்கை மென்று ஊட்டியதை உங்கள் அம்மா பெருமையாகச் சொல்வாரே. அவரையும் பையில் போட்டு அனுப்புவதுதானே? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இன்னொன்று. கல்யாணமான நாள் முதல், நீங்கள் சாப்பிட்டு எழுந்த தட்டில்தான் நான் சாப்பிட்டேன். உங்கள் வீட்டு வழக்கம். நீங்கள் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கைக்குப் பக்கத்தில் என் சோறு. நான் தொட்ட சோற்றில் ஒரு பருக்கை நீங்கள் எடுத்ததுண்டா? முத்தம் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் எழுத்தில் தெரிவிக்கவும். எச்சில் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்றுகூடத் தெரியவில்லை, என்ன குவாலிட்டி பார்க்கிறீர்களோ!

என் பேர் வெட்டிய தட்டு ஒன்று அந்த வீட்டில் இருந்தது, நீங்கள் பையில் போட்டபோதுதான் எனக்கே நினைவு வந்தது.

இந்த நோய் பெரும்பாலும் குணமாகிவிடும் என்கிறார் டாக்டரம்மா. உங்கள் வீம்புக்குத்தான் மருந்தில்லை. ஊசி போடுங்கள். நீங்கள் சாக வேண்டுமென்று நான் நினைக்கவில்லை.

ஜெயசெல்வி

ஓசூர்
2.3.2025

ஜெயசெல்விக்கு,

டாக்டரும் நீ சொன்னதையே சொன்னார். முதல் ஊசி போட்டாயிற்று. வாயெல்லாம் புண். அம்மாவால் கஞ்சி வடிக்கக்கூட முடியவில்லை.

ஆனது ஆயிற்று, வந்துவிடு. ஞாயிற்றுக்கிழமை தம்பி ஜாக்சனை வண்டியோடு அனுப்புகிறேன். உன் தட்டையும் டம்ளரையும் மறக்காமல் எடுத்து வா. எதற்கும் ஒரு பாதுகாப்புக்குத்தான்.

சிங்கராயர்

பாகலூர்
9.3.2025

ஃபெபா அப்பாவுக்கு,

ஊசி போட்டது சந்தோஷம். அடுத்ததைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய்ப்புண்ணுக்குக் காரம் ஆகாது. ஜாக்சன் வெறுங்கையோடு திரும்ப வேண்டாமென்று ராகி மாவு கொடுத்திருக்கிறேன். கஞ்சி காய்ச்ச அவனுக்கே சொல்லிக் கொடுத்துவிட்டேன், சுலபம்தான்.

உங்கள் கடைசி வரியை ஹாஸ்டலிலிருந்து வந்த ஃபெபாவிடம் படித்துக் காட்டினேன். "இன்னுமாம்மா அந்தாளு திருந்தல?" என்றாள். அப்பாவை அப்படிச் சொல்லாதே என்று அதட்ட வாயெடுத்தேன். அதட்டாமல் கடிதத்தை மடித்து வைத்தேன்.

இங்கே அண்ணி எனக்கு அந்தத் தட்டில்தான் போடுகிறாள். எல்லோரோடும் உட்கார்ந்து, சோறு ஆறுவதற்குள் சாப்பிடுகிறேன். சுடுசோறு எனக்கு இவ்வளவு பிடிக்குமென்று இத்தனை நாள் தெரியாது.

எல்லாம் எழுத்தில் வேண்டும் என்பீர்களே, வைத்துக்கொள்ளுங்கள். தட்டு வராது. நானும் வரமாட்டேன்.

ஜெயசெல்வி