சொல்லிவிட்டுப் போன நாலு நாள்

12-6-79, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. டைப்ரைட்டருக்குள் பஞ்சுத்தூசி. இரண்டு முறை துடைத்தேன்.

மில்லின் ரீலிங் பகுதியில் நூல் சுற்றும் பழனியம்மாள் வந்திருந்தார். நாலு நாள் வேலைக்கு வரவில்லை. சொல்லாமல் நின்றுவிட்டார் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ப. இன்னும் தற்காலிகம்தான், அடுத்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டியவர். புது மானேஜருக்கு விளக்கக் கடிதம் வேண்டுமாம். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் பெயர் நீக்கம்.

"மருமவன் புள்ளய உட்டுப்போட்டு எங்கயோ போயிட்டானுங்க அம்மணி. சேலத்துப் பக்கம் இளம்பிள்ளைக்குப் போயி அவளக் கூட்டியாந்தனுங்க. சூப்பர்வைசருகிட்டச் சொல்லிப்போட்டுத்தானுங்க போனேன்."

உண்மை. அவர் கிளம்பிய அன்று, வருகை பதியும் டைம் ஆபீஸ் ஜன்னல் பக்கம் நானும் நின்றிருந்தேன். "மக ஊட்டுக்குப் போயிட்டு வாரனுங்க, நாலு நாளாகுமுங்க" என்றார். சூப்பர்வைசர் வெற்றிலையை மென்றபடி தலையாட்டினார்.

என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

13-6-79, புதன்

வெயில். பஸ்ஸில் நின்றே வந்தேன். கடிதம் நாலு தடவை அடித்துக் கிழித்தது.

'ஐ வாஸ் ஆன் லீவ்.' யாரோ லீவு கொடுத்ததாக ஆகும். கொடுத்த சீட்டு எங்கே?

'ஐ டுக் ஃபோர் டேஸ் ஆஃப்.' இந்த மில்லில் ஆஃப் என்றால் வார விடுமுறை. நாலு வாரத்து ஆஃபையும் சேர்த்து எடுத்தாளா என்பார்கள்.

'ஐ வாஸ் ஆப்சென்ட்.' சூப்பர்வைசர் எழுதியதை நாமே ஒப்புக்கொள்வது.

'ஐ டுக் லீவ் ஃப்ரம் த சூப்பர்வைசர்.' கொடுக்கவில்லை என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

மதியம் சாப்பிடாமல் அகராதி. தயிர் எப்படியும் புளிப்பு. 'டுக் லீவ் ஆஃப்' என்று ஒன்று இருக்கிறது. இந்த ஆஃபுக்கு ஒரே எஃப். ஒருவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவது என்று அர்த்தம். நடந்தது இதுதான். அடித்தேன். ப. கைநாட்டு வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

14-6-79, வியாழன்

மானேஜர் கூப்பிட்டார். 'ஆஃப்' என்ற அந்த ஒரு சொல்லின் கீழ் சிவப்புக் கோடு. டைப்பிங் தப்பா, ஃப்ரம் என்று இருக்க வேண்டுமா என்று கேட்டார். பக்கத்தில் சூப்பர்வைசர், கைகட்டி.

தப்பு என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை, திருத்தி அடிப்பது.

"தப்பில்லை சார். சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அங்கே இருந்தேன்." ஆங்கிலத்தில்தான் சொன்னேன். குரல் என்னுடையது போல இல்லை.

மானேஜர் அந்தப் பக்கம் திரும்பினார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு, "மே பி, சார்" என்றார்.

கடிதத்தின் ஓரத்தில் மானேஜர் எழுதியது: 'லீவ் வித்தவுட் பே.' நாலு நாள் சம்பளம் போகும். பெயர் இருக்கும்.

வராந்தாவில் சூப்பர்வைசர்: "ஏனம்மணி, ஒரு வார்த்ததான. மாத்தி அடிச்சிருந்தா உனக்கென்ன கெட்டுப்போச்சு?"

மேசைக்குத் திரும்பினேன். பிறகு பம்பாய்க்கு ஆறு கடிதங்கள். இரண்டில் பிழை.

16-6-79, சனி

தூறல். குடை எடுத்துப் போகவில்லை.

சூப்பர்வைசர் என்னோடு பேசுவதில்லை. சீட்டுகளை மேசை மேல் எறிந்துவிட்டுப் போகிறார். ப.வை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து, காற்று வராத மூலை மெஷினுக்கு மாற்றியிருக்கிறார். இதற்கு எந்தக் கடிதமும் எழுத முடியாது.

டீ நேரத்தில் ப. வந்தார். தலைமுடியெல்லாம் பஞ்சு. மகள் நேற்றிலிருந்து சாப்பிடுகிறாளாம்.

"அப்படி என்னதானுங்க எழுதுனீங்க, அம்மணி?"

"சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிப்போட்டுப் போனீங்கன்னு எழுதினேனுங்க."

"அதத்தானுங்களே நான் மொதல்லயே சொன்னேன்."